அரிகரனின் டர்போ ஆசை

வில்லியனூர் பெயின்ட் கடை அரிகரனுக்கு நாற்பத்தெட்டு வயதில் வேகம் வந்துவிட்டது. கார் வாங்கினால் டர்போ இன்ஜின் வைத்த கார்தான். பழசாக இருந்தாலும் பரவாயில்லை, மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்ட வேண்டும்.

மனைவி புவனேஸ்வரியைச் சம்மதிக்க வைக்கத் திட்டமும் போட்டார். புரோக்கர் இன்னாசிமுத்துவுக்கு வாட்ஸ்அப்பில் ரகசியமாகப் பேசி அனுப்பினார்: "வண்டிய வூட்டுக்கு எடுத்துகினு வாப்பா. நான் வேணாம் வேணாம்பேன். நான் வேணாம்னா அவ வேணும்பா. நீ கண்டுக்காத."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் சிவப்புக் கார் வாசலில் வந்து உறுமியது.

"இது நமக்கு வேணாம் புவனா. ரொம்ப வேகம்," என்று அரிகரன் முகத்தைச் சுளித்தார். சுளித்த முகத்திலும் சிரிப்பு கசிந்தது.

புவனேஸ்வரி அவரைப் பார்க்கவில்லை. பானட்டில் கையை வைத்தாள்.

"இன்னா இன்னாசி, இந்தச் சூடு சுடுது? ரெண்டு தெரு தள்ளிதான உன் வூடு?"

"வெயில்மா."

"காலைல ஏழு மணிக்கு இன்னா வெயிலு? சூடு பண்ணிட்டு எடுத்தாந்துகீற. சாவிய வச்சிட்டுப் போ. நாளைக்கு ஆறின இன்ஜின ஸ்டார்ட் பண்ணிப் பாத்துக்கறோம்."

மறுநாள் அரிகரன் சாவியைத் திருப்பியதும் நீலப் புகை கிளம்பியது. கொடியில் காய்ந்த அவருடைய வேட்டி புகையில் காணாமல் போனது. எதிர்வீட்டு சுகன்யா, "கொசு மருந்து அடிக்கிறாங்களாக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஜன்னலைச் சாத்தினாள்.

"ஆயில் எரியுது. சூடான இன்ஜின்ல பொக தெரியாதுன்னுதான் நேத்து அப்டி எடுத்தாந்தான். ஆறே மாசத்துல இன்ஜின் உக்காந்துடும்," என்றாள் புவனேஸ்வரி.

"உனக்கு எப்டிடி தெரியும்?"

"சுத்துக்கேணில எங்கப்பாவோட தண்ணி எறைக்கிற ஆயில் இன்ஜின பத்து வருஷம் ஓட்னது யாரு? நான்தான்."

"நேத்தே சொல்லக் கூடாதா?"

"நீங்க நடிக்கறதப் பாக்க ஆசையா இருந்திச்சி. இன்னாசிக்குப் பேசினத நம்ம குடும்ப குரூப்புல போட்டுட்டீங்க. உங்கம்மா ரெண்டு தடவ போட்டுக் கேட்டாங்க. உங்க தம்பிதான் பாவப்பட்டு அத இன்னாசிக்கு அனுப்பி வச்சாரு."

அரிகரன் படியில் உட்கார்ந்துவிட்டார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பாகூர் ஏரிக்கரையில் புகைந்து நிற்கும் காரும், அதைத் தள்ளும் தானும் கண்முன் வந்ததும், வெட்கத்தை நன்றி அடித்துக்கொண்டு போனது.

"நல்லவேள, காப்பாத்தின. இனிமே இன்ஜின நீயே முடிவு பண்ணு," என்றார்.

ஏதாவது சாதுவான வண்டியாகப் பார்ப்பாள் என்று நினைத்தார். அவளோ மூன்று வாரம் அலைந்து, பாகூர் நர்ஸ் ஜெயசித்ராவிடம் அதே மாடல் காரையே பிடித்தாள். டர்போ கிடையாது. இரண்டு லிட்டர் பெரிய இன்ஜின். சர்வீஸ் செய்த ரசீதுகள் ஒன்றுவிடாமல் இருந்தன. விடியற்காலையில் ஸ்டார்ட் செய்தபோது ஒரு பொட்டுப் புகை இல்லை.

"சின்ன இன்ஜின ஊதி ஊதி வேல வாங்கறது டர்போ. நேரத்துக்கு ஆயில் மாத்தாதவன் கைல இருந்தா அதான் மொதல்ல போவும். முன்ன வச்சிருந்தவன் மாத்தினானா இல்லையான்னு நமக்கின்னா தெரியும்? இது தன்னால இழுக்கும்."

இழுத்தது. திரும்பி வரும் வழியில் முன்னால் போன பஸ் பின்னால் போனது. ஓட்டியது புவனேஸ்வரி. அரிகரன் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ் புவனா... மனசார சொல்றேன்..." என்றார்.

"தேங்க்ஸெல்லாம் அப்புறம். மொதல்ல கண்ணத் தொறங்க."