ஒத்தத்தட்டும் ஊர் மகளும்

ராமேஸ்வரம் தீவு முழுக்கத் தேடினாலும், ஒரு கதவை ஒரே ஒரு தடவை தட்டிவிட்டு அரை நாள் வாசலில் நிற்கக்கூடிய மனுஷன் ஒருத்தர்தான் கிடைப்பார். இன்னொருத்தரைக் காட்டினால் நான் எழுதுவதையே நிறுத்திவிடுகிறேன். "ஒரு தட்டு தட்டியாச்சுல்ல? காதுல விழுந்திருக்கும். வருவாக" என்பார். ஒருநாள் கரண்ட் போயிருந்த வீட்டில் காலிங் பெல்லை அமுக்கிவிட்டு நின்றார். கரண்ட் வந்த பிறகும் நின்றார். அமுக்கினது அமுக்கினதுதானே என்பது அவர் வாதம்.

பாம்பனில் விசைப்படகுகளின் வயர்லெஸ், ஜிபிஎஸ் ரிப்பேர் பார்ப்பது அவர் தொழில். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும்; அது பங்குச்சாமிக்குத்தான் தெரியும். ஊருக்கு அவர் 'ஒத்தத்தட்டு'. எதையும் இரண்டு தடவை சொன்னால் அவருக்கு ஆகாது. டீக்கடைக்காரர் "வாங்க வாங்க" என்றால், "ஒரு 'வாங்க' போதும். நான் ஒரு ஆளுதானே" என்பார்.

நான் அப்போது ராமேஸ்வரத்தில் மனு டைப் அடிக்கும் கடையில் வேலை பார்த்தேன். முதல் வேலை. வேகத்தில் என்னை மிஞ்ச அந்தத் தீவில் ஆள் கிடையாது. அடக்கமாகச் சொன்னாலும் அதுதான் உண்மை. எங்கள் தமிழ் விசைப்பலகையில் ஒரு வசதி உண்டு. ஒரே எழுத்தை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வந்துவிடும். க, க என்று தட்டினால் 'க்க'.

அந்த வசதிதான் என் தலையில் இடியாக விழுந்தது. பாம்பனிலிருந்து ஜெசிந்தா அக்கா வந்து, மகளுக்கு விடுதியில் இடம் கேட்டு மனு அடித்துப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"ஏ பிள்ள, எனக்கு இருக்கிறது ஒத்த மக. 'என் மக்கள் விடுதியில் தங்கிப் படிக்க'ன்னு அடிச்சுக் குடுத்திருக்க. அங்கன ஆபீசுல, 'நீங்க எந்த நாட்டு ராணிம்மா?'ன்னு கேக்குறாரு!"

அடுத்த நாள் 'ரேஷன் கார்டு நகல் இணைத்துள்ளேன்' என்று நான் அடித்தது 'ரேஷன் கார்டு நக்கல்' என்று போனது. வாங்கிய குமாஸ்தாவுக்கு வந்த கோபம் நியாயமானது. முருகன் என்பவர் முருக்கன் ஆனார். நான் ஒரு தடவைதான் தட்டினேன் என்று சத்தியம் செய்தும் முதலாளி கேட்கவில்லை.

"கை நடுங்குது உனக்கு. சனிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள சரியாகலேன்னா வீட்டுல இருந்துக்க" என்றார்.

வேலை போவதைவிட எனக்குப் பயமாக இருந்தது வேறொன்று. கை உண்மையிலேயே நடுங்குகிறதோ என்று நானே விரலை விரித்து விரித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

புதன்கிழமை ஏதோ ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒத்தத்தட்டு, நான் டைப் அடிப்பதைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கீபோர்டைத் தூக்கிக் காதோடு வைத்து 'க'வை ஒரு தட்டு தட்டினார்.

"தாயி, உன் கையில ஒண்ணுமில்ல. இந்தக் கீ பொய் சொல்லுது."

"கீ எப்படிண்ணே பொய் சொல்லும்?"

"கரையில போட்டை அணைக்கிறப்ப ஒரே முட்டுல நிக்குதா? முட்டி, விலகி, மறுபடி முட்டி, அப்புறந்தானே நிக்கும். அதுக்காக மூணு போட்டு வந்துச்சுன்னு எழுதுவமா? உள்ள இருக்கிற தகடும் அப்படித்தான் துள்ளுது. உப்புக் காத்துல தகடு கெட்டுப்போச்சு, துள்ளல் கூடிப்போச்சு. சர்க்யூட்டு ரெண்டு தட்டுன்னு எழுதிருது."

வியாழக்கிழமை ஒரு சின்ன சர்க்யூட்டைச் செய்துகொண்டு வந்து கீபோர்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் மாட்டினார். ஒரு தட்டு விழுந்ததும் அந்தக் கீ கொஞ்ச நேரம் செவிடாகிவிடும். துள்ளல் அடங்கிய பிறகுதான் அடுத்த தட்டைக் கேட்கும். 'மகள்' என்று அடித்தேன். 'மகள்' என்றே வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை குடிநீர் கேட்டு மனு அடிக்க ஒரு ஊரே வந்தது. அவசரத்தில் அடித்துக் கொடுத்தேன். வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியில் தலைவர் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனுவின் முடிவைச் சத்தமாக வாசித்தார்.

"இபடிகு, ஊர் மகள்."

"ஏம்மா, இம்புட்டுப் பேரு மீசையோட நிக்கிறோம். எங்களப் பாத்தா ஊர் மகள் மாதிரியா இருக்கு?" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்து, "நாளைக்குச் சனிக்கிழமை" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் வந்த ஒத்தத்தட்டைப் பிடித்துக்கொண்டேன். "கீ எம்புட்டு நேரம் செவிடா இருக்கும்ணே?"

"தாராளமாத்தான் வச்சேன் தாயி. அவசரம் எதுக்கு?"

வாசலில் அரை நாள் நிற்கிற மனுஷன் தன் பொறுமையை அளவாக வைத்துச் சர்க்யூட் செய்திருக்கிறார்! எனக்கு வந்ததே கோபம். "அண்ணே, தமிழ்ல ரெண்டு தடவை தட்டுனாத்தான் அம்மாவே வருவா! அப்பா, அக்கா, அண்ணன், எல்லாரும் ரெண்டு தட்டுதான். ஒத்தத் தட்டுல குடும்பமே இல்ல!"

அவர் முகம் சுருங்கிவிட்டது. 'அம்மா' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அப்படியே கிளம்பிப் போய்விட்டார். நானும் வேலை போயிற்று என்றே முடிவு கட்டினேன்.

சனிக்கிழமை காலை, வயர்லெஸ் ரிப்பேருக்கு வைத்திருக்கும், மின்சார அலையைத் திரையில் கோடாகக் காட்டும் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். அதைக் கீபோர்டில் மாட்டி, 'அக்கா, மக்கள்' என்று என்னை விடாமல் அடிக்கச் சொன்னார். அவர் வாயால் அப்படிச் சொன்னதே அதிசயம். திரையில் ஓடிய கோடுகளைக் குறித்துக்கொண்டு, சர்க்யூட்டின் காத்திருப்பு நேரத்தைக் குறைத்தார். தகட்டின் துள்ளலுக்குக் கொஞ்சம் மேலே, என் இரண்டு தட்டுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிக்குக் கீழே. மகள் மகளாகவே வந்தாள், மக்கள் மக்களாகவே வந்தார்கள். ஜெசிந்தா அக்காவின் மனுவைப் பிழையில்லாமல் அடித்து முதலாளி கையில் கொடுத்தேன்.

அவர் அதை வாசித்து முடிக்கும்வரை ஒத்தத்தட்டு பொறுக்கவில்லை. திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"இந்தா பாருங்க முதலாளி. தட்டு ஆரம்பிக்கிற இடத்துல கோடு தாறுமாறாக் கிடக்கே, அது கீ. இந்தா, ஒவ்வொரு தட்டும் ஒரே அளவு இடைவெளியில விழுதே, அது இந்தப் பிள்ளையோட விரல். இதுல நடுக்கம் எங்கன இருக்கு? காட்டுங்க."

முதலாளி திங்கட்கிழமை சீக்கிரம் வரச் சொன்னார். நான் சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன்; அழுகைதான் வந்தது.

கடையில் இருந்தவர்கள் எல்லாரும், நானும் சேர்த்துத்தான், என் கையைச் சந்தேகப்பட்ட வாரம் அது. கீபோர்டைச் சந்தேகப்பட்டவர் ஒத்தத்தட்டு ஒருத்தர்தான். கூடப் பிறந்த அண்ணன் எனக்கு இல்லை; அந்தக் குறையை அதற்குப் பிறகு நான் நினைத்ததும் இல்லை.