மதில் வேண்டாம் என்பதற்கு ஓர் எபிரெயச் சான்று

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் மகளும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் பாதியில் குழறிவிடுவேன் என்பதால் கடிதம். வரிசை தவறாமலிருக்க முதலில் பொருளடக்கம்:

1. மதில் விழுந்த விதம்
2. மதில் இல்லாமையே பாதுகாப்பு என்பதற்கு வேதாகமச் சான்று
3. பதினெட்டு நாளில் வந்துபோனவர்கள்
4. ஆகவே திங்களன்று கொத்தனாரை அனுப்ப வேண்டாம் என்ற வேண்டுகோள்

தண்ணீர் லாரி பின்பக்கமாக வந்தது. டிரைவர் தலையை நீட்டி, "பெரியவரே, வரலாமா?" என்றார். "வரலாம், ஆனால்" என்று தொடங்கினேன். 'ஆனால்' வாயிலிருந்து வருவதற்குள் லாரி வந்துவிட்டது. மதில், கேட்டோடு படுத்துவிட்டது.

நான் தபால்வழியில் எபிரெய மொழி கற்கிறேன் அல்லவா, மறுநாள் வந்த பாடத்தில் ஒரு சொல்: பெராஸோத். மதில் இல்லாமல் திறந்து கிடக்கும் ஊர்கள் என்று பொருள். அதையொத்த இன்னொரு சொல்லுக்குக் குடியானவர்கள் என்று சிலரும் தலைவர்கள் என்று சிலரும் பொருள் சொல்லி, அறிஞர்கள் இன்னும் முட்டிக்கொள்கிறார்கள். பெராஸோத்தில் அந்தத் தகராறு இல்லை. மதிலும் தாழ்ப்பாளும் கதவும் இல்லாத அந்த ஊர்களில் ஜனங்கள் பயமின்றி நிம்மதியாகக் குடியிருப்பதாக ஒரு தீர்க்கதரிசியின் ஏட்டிலேயே இருக்கிறது. அதை அட்டையில் எழுதி வைத்துக்கொண்டேன். பிறகு உண்மையிலேயே அப்படித்தானா என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் ஒரு நாய் வந்து படுத்தது, பிறகு பள்ளி வேன் நம் முற்றத்தில் திரும்பத் தொடங்கியது, டிரைவர் தினம் எனக்கு ஒரு சலாம் வைக்கிறார், பின்தெரு அம்மாள் குடத்தோடு குறுக்கே போகிறார், துடைப்பம் ஒன்று காணாமல் போய் மறுநாள் இரண்டு துடைப்பமாகத் திரும்பி வந்தது, ஏனென்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரர் வந்து எனக்கு முன்பே பேப்பரைப் பிரித்துவிடுகிறார். "சார், பன்னிரண்டு வருஷமா இங்கயா இருக்கீங்க? பூட்டின வீடுன்னுல்ல நெனச்சேன்!" என்றார். "இது வீடா, பஸ் ஸ்டாண்டா?" என்று அத்தை உள்ளேயிருந்து கேட்டாள். "பஸ் ஸ்டாண்டுல டீ கிடைக்கும்மா," என்றார் அவர். அத்தை டீ கொடுத்தாள்.

மாப்பிள்ளை, ஓய்வு பெற்றபின் இந்த வாசலில் என்னிடம் பேசியவர்கள் மொத்தம் நாலு பேர், அதில் இருவர் மீட்டர் பார்க்க வந்தவர்கள். இந்தப் பதினெட்டு நாளில் பதினோரு பேர். மதில் எழும்பிவிட்டால் நானாகப் போய் யார் கதவையும் தட்டமாட்டேன். என்னை எனக்குத் தெரியும். ஆகவே கொத்தனார் வேண்டாம்.

மகளுக்கு என் ஆசி. உங்கள் முதுகுவலிக்குச் சரியான நாற்காலி வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மாமா

பின்குறிப்பு: உறையில் போடுமுன் அத்தை இதை வாங்கிப் படித்தாள். "நிம்மதியா இருக்காங்கன்னு யாரு சொன்னது?" என்றாள். தீர்க்கதரிசி என்றேன். "எடுத்துப் பாருங்க." பார்த்தேன். சொல்கிறவன் அந்த ஊர்களைக் கொள்ளையடிக்கக் கிளம்பும் அரசன். சுலபமாக அடிக்கலாம் என்பதற்காகச் சொல்கிறான். "நல்லா இருக்கு! திருட வர்றவன் சர்டிபிகேட்டை நம்பி என்னைத் திறந்தவெளியில உட்கார வெச்சிருக்கீங்க." இன்னொரு தீர்க்கதரிசி, மனிதரும் மிருகங்களும் பெருகி மதிலுக்குள் அடங்காத நகரத்துக்கு இதே சொல்லைச் சொல்கிறாரே என்றேன். "நாம ரெண்டு பேரு, ஒரு நாய்," என்றாள்.

கொத்தனாரை அனுப்புங்கள். உயரத்தை மட்டும் அத்தை தானே வாசலில் நின்று அளந்திருக்கிறாள்: தெருவில் நிற்பவர் முழங்கையை ஊன்றிப் பேசுகிற அளவு, அதற்கு மேல் ஒரு செங்கல் கூடாதாம்.

பொருளடக்கத்தில் இரண்டாவது குறிப்பு தவறு. நூலகத்தில் முப்பத்தோரு வருடம் அட்டவணை எழுதியவன், சொன்னவர் பெயரைப் பார்க்காமல் ஒரு சான்றைப் பதிந்துவிட்டேன்.