ஆறு பேர் ஆப்சென்ட்

“எட்டு பேர் இருக்க வேண்டிய செக்‌ஷன்ல ரெண்டு பேர்தான் உட்கார்ந்திருக்கான்!”

சூப்பரண்டு போட்ட சத்தத்தில், பால்கனிக் கம்பியில் உட்கார்ந்திருந்த புறா அடுத்த தெருவுக்கே குடிமாறிப் போனது.

சூப்பரண்டு ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. ஆபீஸ் அவரை விட்டுவிட்டது. அவர்தான் ஆபீசை விடவில்லை. இப்போது அவர் கத்தியதுகூட ஆட்களைப் பார்த்து அல்ல, மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்து. வாங்கும்போது அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் ‘எட்டு கோர்’ என்று போட்டிருந்தது. உள்ளே இருக்கும் ஒரு சில்லுக்குள் எட்டு மூளைகள், எட்டும் சேர்ந்து உழைக்கும் என்று கடைக்காரர் விளக்கியிருந்தார். இன்று காலை ஏதோ சந்தேகம் வந்து டாஸ்க் மேனேஜர் பக்கத்தைத் திறந்தார். மூளைக்கு ஒன்றாக எட்டு கட்டம் தெரிய வேண்டிய இடத்தில் ரெண்டே ரெண்டு கட்டம். அந்த ரெண்டும் மாடிப்படி ஏறின மாமா மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

“மத்த ஆறு பேர் எங்கடா?” என்று திரையைத் தட்டினார்.

“யாருங்க வந்திருக்கா?” என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல்.

“யாரும் வரல! அதான் பிரச்சனை!”

உண்மையான பிரச்சனையை அவர் மனைவியிடம் சொல்ல முடியாது. இன்று அவர்களுடைய நாற்பதாவது கல்யாண நாள். ஆறு மாதமாக அவர் ரகசியமாக ஒரு படம் தயாரித்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தில் எடுத்த பழைய வீடியோ, மகள் பிறந்த அன்றைய போட்டோ, மனைவி முதல்முதலாக ஸ்கூட்டர் ஓட்டி மதில்மேல் ஏற்றிய போட்டோ என்று ஆயிரத்து இருநூறு துண்டுகளைக் கோத்து, ஒரு மணி நேரப் படம். மனைவி கேட்டால், “ஓய்வு பெற்றவங்க சங்கத்துக்கு அறிக்கை எழுதறேன்” என்று சொல்லிவைத்திருந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு மகளும் மருமகனும் வருவார்கள், கேக் வெட்டியதும் படத்தைப் போட்டு எல்லோர் வாயையும் பிளக்கவைக்க வேண்டும் என்பது திட்டம்.

முப்பத்தைந்து வருட சர்வீசில் எந்தக் கோப்பையும் கடைசி நாளுக்கு முன் அனுப்பிப் பழக்கமில்லாத மனிதர். இதையும் இன்று காலைதான் முடித்தார். துண்டுகளை ஒரே படமாகச் சேர்க்கச் சொல்லி பட்டனை அழுத்தினார். திரை சாவகாசமாகப் பதில் சொன்னது: ‘மீதி நேரம் ஒன்பது மணி பதினோரு நிமிடம்.’

மணி அப்போது பத்து.

மூன்று மாதமாகவே மெஷின் மந்தம்தான். நமக்கும்தான் முட்டி வலிக்கிறது, அதற்கும் வயசாகிறது என்று அவர் விட்டுவிட்டார். திரையில் கோடு ஊர்கிற நேரத்தில் எழுந்துபோய் பால்கனியில் மனைவியோடு செஸ் ஆடுவார். ஆட்டத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். முதல் வாரம் அவர் ஜெயித்தார். அதற்கப்புறம் நாற்பத்தோரு ஆட்டம், நாற்பத்தொன்றிலும் அவருடைய ராஜா மூலையில் மூச்சுத் திணறிச் செத்தார்.

“மெஷின் ஊருதுன்னா ஊரட்டுமே, என்ன அவசரம்?” என்று மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “வாங்க, ஒரு ஆட்டம் போடலாம்.”

“இன்னிக்கு முடியாது. ஆறு பேர் சொல்லாம கொள்ளாம மட்டம் போட்டிருக்கான். ஒரு கை பார்க்காம விடமாட்டேன்.”

மகளுக்கு போன் போட்டார். மகள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவள்.

“எட்டுல ரெண்டுதான் தெரியுதும்மா. ஏன்?”

அந்தப் பக்கம் தும்மலா சிரிப்பா என்று தெரியாத ஓசை. “அப்பா... அம்மா பக்கத்துல இருக்காங்களா?”

“இருக்கா. ஏன்?”

“அம்மாகிட்டயே கேளுங்களேன்.”

“உங்கம்மாகிட்டயா? மவுஸை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னே அவளுக்குத் தெரியாது! நீ வேலையைப் பாரு. நான் நிபுணரைக் கூப்பிட்டுக்கறேன்.”

நிபுணர் என்பது மாடி வீட்டுக்காரருக்குத் தெரு வைத்த பெயர். ரிப்பேர் என்ற வார்த்தை நாலு வீடு தள்ளிக் கேட்டாலும் ஸ்க்ரூ டிரைவரோடு ஆஜராகிவிடுவார். சொந்த டிவியை அவரே ரிப்பேர் செய்து, அன்றிலிருந்து அதை ரேடியோவாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

விஷயத்தைக் கேட்டதும் நிபுணர் கண்ணை மூடி, பெரிய டாக்டர் நாடி பார்க்கிற மாதிரி பெட்டியின் தலையில் கை வைத்தார்.

“சார், வியாதி அடியில இருக்கு. மெஷினை அணைச்சுப் போட்டா, முதல்ல ஒரு நீலத் திரை வரும். பயாஸ்னு பேரு. அங்கதான் எல்லாரோட சர்வீஸ் ரெஜிஸ்டரும் இருக்கு.”

சர்வீஸ் ரெஜிஸ்டர் என்றதும் சூப்பரண்டுக்கு உடம்பெல்லாம் தெம்பு வந்தது. அணைத்தார். நாற்பது நிமிடமாகச் சேர்ந்த படம் அந்த நொடியிலேயே ஆவியாகிப் போனது அப்புறம்தான் உறைத்தது.

“போகட்டும் சார். எட்டு பேரும் வந்துட்டா அரை மணியில பிடிச்சிடலாம்,” என்றார் நிபுணர். நீலத் திரை வந்தது. “பாருங்க! எத்தனை கோர் வேலை செய்யணும்னு கேட்ட இடத்துல ‘எல்லாம்’னு போட்டிருக்கான். அதான் தப்பு!”

“எப்படித் தப்பு?”

“நீங்க ஆபீஸ்ல ‘எல்லாரும் வாங்க’ன்னு சுற்றறிக்கை விட்டா எத்தனை பேர் வருவாங்க?”

சூப்பரண்டு தொடையில் தட்டினார். “ஒருத்தனும் வரமாட்டான்! தனித்தனியா பேர் சொல்லிக் கூப்பிடணும்!”

“அப்ப ஒண்ணிலிருந்து ஆரம்பிப்போம்.”

‘எல்லாம்’ என்பதை எடுத்துவிட்டு ‘ஒன்று’ என்று வைத்தார்கள். அடுத்தது ரெண்டு போட இடம் தேடினார்கள், இல்லை. சரி, ஒன்றாவது ஆள் வந்து மற்றவர்களை அழைத்துக்கொள்வான் என்று சேமித்துவிட்டு வெளியே வந்தார்கள்.

அந்த ஒற்றை ஆள் உட்கார்ந்து எழுந்து திரையைக் காட்டவே பதினைந்து நிமிடம் ஆனது. பட்டனை அழுத்தினார்கள். ‘மீதி நேரம் பதினெட்டு மணி.’

“இருந்த ரெண்டு பேர்ல ஒருத்தனையும் துரத்திட்டீங்களேய்யா!”

“தூசியா இருக்கும் சார்,” என்றார் நிபுணர், சற்றும் அசராமல். “உள்ள தூசி அடைச்சா ஆள் எப்படி நடமாடுவான்?”

பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே இருந்த தூசியில் ஒரு தலையணை தைக்கலாம். மனைவி தலை உலர்த்துகிற டிரையரைக் கொண்டுவந்து முழு வேகத்தில் வைத்தார் நிபுணர். தூசி மொத்தமும் பெட்டியை விட்டுக் கிளம்பி, சூப்பரண்டின் முகத்தில் குடியேறியது. மீசைக்கு ஒரே நொடியில் பத்து வயது கூடிவிட்டது. போதாததற்கு நிபுணர் உள்ளே இருந்த மெமரி அட்டையைப் பிடுங்கி, சட்டையில் தேய்த்து, திரும்ப வைத்தார். வைத்ததாக நினைத்துக்கொண்டார்.

பட்டனை அழுத்தினால் மெஷின் மூன்று தரம் ‘பீப்’ என்று அலறிவிட்டுக் கறுப்பாகிப் போனது.

“இப்ப ஒருத்தனும் இல்ல!” சூப்பரண்டின் குரல் தழுதழுத்தது. “செக்‌ஷனையே பூட்டிட்டீங்க!”

மணி ஒன்று. மனைவி டிரையரைத் தேடிக்கொண்டு வந்தாள். கணவரின் முகத்தைப் பார்த்தாள்.

“ஏங்க, சங்கத்து அறிக்கையை அடுப்புக்குள்ள உட்கார்ந்தா எழுதினீங்க?”

“நீ போ. இது உனக்குப் புரியாது. கோர்னு ஒண்ணு இருக்கு...”

“சரி சரி,” என்று அவள் டிரையரை மட்டும் மீட்டுக்கொண்டு போனாள்.

நிபுணரிடம் இன்னும் ஒரு பாணம் பாக்கி இருந்தது. “பழசையெல்லாம் மறக்கடிக்கணும் சார். இந்தக் குட்டி பேட்டரியை எடுத்துட்டா மெஷினுக்கு ஞாபகம் போயிடும். புதுசா பிறந்த மாதிரி ஆயிடும்.”

ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார். நாணயம் மாதிரி இருந்த அந்த பேட்டரி துள்ளிக் குதித்து, தரையில் ஒரு வட்டம் போட்டு, சோபாவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அறுபது தாண்டிய ரெண்டு பேரும் குப்புறப் படுத்துக் கை நீட்டினார்கள். சோபாவுக்கு அடியில் காணாமல் போன சீப்பு, ஒற்றைச் செருப்பு, போன வருடம் தொலைந்த டிவி ரிமோட் எல்லாம் கிடைத்தன. பேட்டரி கிடைக்கவில்லை.

“நீச்சல் பழகறீங்களா?” மனைவி வாசலில் நின்றாள்.

“பேட்டரி தேடறோம்,” என்றது சோபாவுக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

அவள் துடைப்பத்தை விட்டு ஒரு இழுப்பு இழுத்தாள். பேட்டரி சமர்த்தாக அவள் காலடிக்கு வந்தது. “செக்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சூப்பரண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மணி ரெண்டரை. படம் இல்லை, மெஷினும் இல்லை. சாயங்காலம் வெறும் கேக்கைக் காட்டி நாற்பது வருடத்தை முடித்துவிட வேண்டியதுதான். ஆறு மாத உழைப்பு! அவள் ஒவ்வொரு போட்டோவையும் பார்த்து எங்கெங்கே சிரிப்பாள் என்றுகூடக் கணக்குப் போட்டு, அந்த இடத்தில் இரண்டு விநாடி கூட்டி வைத்திருந்தார்.

“சார், கடையிலேயே ஆள் கூப்பிடுவோமா?” என்று நிபுணர் முதல்முறையாக மெதுவாகச் சொன்னார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே அந்தத் தெருவின் சரித்திரத்தில் இல்லாத சம்பவம்.

மூன்று மணிக்கு ரிப்பேர் கடையிலிருந்து ஒரு பெண் வந்தாள். தோளில் பை. மெமரி அட்டையை ‘க்ளிக்’ என்று உட்காரவைத்தாள். பேட்டரியைப் பொருத்தினாள். மெஷின் உயிர் பெற்றது.

“பேட்டரி வெளிய இருந்ததால, நீங்க ஒண்ணுன்னு வச்சது அழிஞ்சு பழையபடி ஆயிடுச்சு சார். நல்லதுதான்.”

“பாத்தீங்களா!” என்று நிபுணர் நெஞ்சை நிமிர்த்தினார்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள். பழைய ரெண்டு கட்டம். இன்னொரு ஜன்னலைத் திறந்தாள். அதற்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று. நிறுத்தி, புருவத்தை உயர்த்தினாள்.

“இங்க பாருங்க சார். எத்தனை கோர் போதும்னு கேக்கற இடத்துல யாரோ டிக் அடிச்சு ரெண்டுன்னு வச்சிருக்காங்க. இது தானா நடக்காது. கைப்பட பண்ணினாத்தான் உண்டு.”

சூப்பரண்டு நிபுணரைப் பார்த்தார். நிபுணர் சூப்பரண்டைப் பார்த்தார்.

“நீங்கதான்!” என்றார்கள் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில்.

“நானா? நான் இன்னிக்குத்தானே உள்ள கையே வச்சேன்!”

“போன மாசம் ஏதோ ஃபார்ம் பிரிண்ட் எடுக்கணும்னு வந்து உட்காரல நீங்க?”

டீ கொண்டுவந்த மனைவி கோப்பைகளை மேஜையில் வைத்தாள். “டீ ஆறுது,” என்று சொல்லிவிட்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக உள்ளே போனாள்.

அந்தப் பெண் டிக்கை எடுத்தாள். மெஷினை அணைத்துப் போட்டாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. திரையில் ஒன்று, ரெண்டு, மூன்று... எட்டு கட்டம்! சூப்பரண்டு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தொட்டு, “ஆஜர், ஆஜர், ஆஜர்” என்று வருகைப்பதிவு எடுத்தார். எட்டாவது ஆஜருக்கு நிபுணரைக் கட்டிப்பிடித்தார். படம் சேர்க்கும் பட்டனை அழுத்தினார். ‘மீதி நேரம் இரண்டு மணி பதினெட்டு நிமிடம்.’

எட்டு மூளையும் சேர்ந்து இழுத்த இழுப்பில் விசிறி விமானம் கிளம்புகிற மாதிரி இரைந்தது. ஐந்து நாற்பதுக்குப் படம் தயார்.

ஆறு மணிக்கு எல்லோரும் கூடினார்கள். மகள், மருமகன், விடாப்பிடியாக நிபுணர், போகிறேன் போகிறேன் என்று சொல்லியும் விடாமல் உட்காரவைக்கப்பட்ட அந்த ரிப்பேர் பெண். கேக் வெட்டியதும் விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார் சூப்பரண்டு. கல்யாணப் பெண்ணாக மனைவி திரையில் வந்தாள். மனைவி வாயைப் பிளந்தாள். மதில்மேல் ஸ்கூட்டர் வந்தபோது, அவர் கணக்குப் போட்ட அதே இரண்டு விநாடியில் விழுந்து விழுந்து சிரித்தாள். கடைசியில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“ஆறு மாசமா இதையா பண்ணிக்கிட்டிருந்தீங்க? சங்கத்து அறிக்கைன்னு சொன்னீங்களே!”

“முதல் மூணு மாசம் என்ன வேகமா வேலை நடந்தது தெரியுமா?” என்றார் சூப்பரண்டு பெருமை தாங்காமல்.

“தெரியுமே,” என்றாள் மகள். “அப்பதானே ‘வீடு தீப்பிடிச்சிருக்கு’ன்னு அம்மா சும்மா சொல்லிப் பார்த்தாங்க. நீங்க திரும்பிக்கூடப் பார்க்காம ‘ம், மூடி வை’ன்னீங்களாம்.”

“அதெல்லாம் இருக்கட்டும்!” சூப்பரண்டு எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார். ஆபீஸ் குரல் வந்துவிட்டது. “மூணு மாசமா ஆறு பேர் ஆப்சென்ட். யாரோ திட்டம் போட்டுச் செஞ்ச வேலை. நான் விடப்போறதில்ல. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு இந்த ஹால்ல முறையான விசாரணை நடக்கும்!”

நிபுணர் எச்சில் விழுங்கினார். மகள் கூரையைப் பார்த்தாள். மனைவி கேக் தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“விசாரணையெல்லாம் வேண்டாங்க. உங்க பொண்ணு போன்ல வழி சொன்னா, அந்த ஆறு பேருக்கும் லீவு சாங்ஷன் பண்ணினது நான்தான்; அவங்க வேலைக்கு வந்தா நீங்க வீட்டுக்கு வரமாட்டேங்கறீங்களே!”