கட்டைவிரல் சாட்சி

“உன் நெஞ்சுல ஏறி உக்கார்றது ஆம்பளையா, பொம்பளையா?”

கூட வேலை செய்யும், துணி மடிக்கும் மேசைக்காரி இப்படிக் கேட்டதும் சிட்டுவின் கையிலிருந்த விரிப்பு நழுவிக் கீழே விழுந்தது.

“மூஞ்சி தெரியலக்கா. கறுப்பா வந்து நிக்கும். கை கால் அசையாது. கத்தலாம்னா காத்துகூட வராது.”

“அமுக்குவான் பேய்தான்! ஆனா அது ராத்திரியிலல்ல வரும்?”

“எனக்கு ராத்திரி வேலைன்னு அதுக்கும் தெரிஞ்சிருக்கு. பகல்லயே வருது.”

சிட்டு ஒரு ஓட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். ஊரார் படுப்பதற்கு விடிய விடிய விரிப்புகளைத் தேய்ப்பாள். வீட்டுக்கு வந்து தன் விரிப்பில் நிம்மதியாகப் படுக்க மட்டும் கொடுத்து வைக்கவில்லை.

இந்த ராத்திரி வேலையால்தான் மாமியாரோடும் பேச்சு நின்றது. “பகல்ல தூங்குறதுக்குப் பேரு குடும்பமா?” என்று அத்தை ஒருநாள் கேட்டுவிட்டார். எப்போதும் வாய் திறக்காத சிட்டு, “நீங்க ராத்திரியில நல்லாத் தூங்குறீங்கல்ல, அப்படித்தான் பேசுவீங்க” என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மாதக்கணக்கில் மௌனம். நடுவில் சிட்டுவின் கணவன் மத்தளம்.

“கதவைச் சாத்தவான்னு உங்கம்மாவக் கேளுங்க.”

“சாத்தத் தெரியும்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லுடா.”

உள்ளுக்குள் சிட்டுவுக்கு அத்தையைப் பிடிக்கும். தினமும் ‘அத்தை’ என்ற சொல் தொண்டைவரை வந்து நின்றுவிடும். பேய் வந்தாலும் குரல் வராது, அத்தை வந்தாலும் குரல் வராது.

கணவன் அவளை டாக்டரிடம் அழைத்துப் போனான்.

“பேயுமில்ல, பிசாசுமில்ல” என்றார் டாக்டர். “மூளை முழிச்சிடுது, உடம்பு இன்னும் தூங்குது. நேரங்கெட்ட நேரத்துல தூங்குறவங்களுக்கு வர்றதுதான். மல்லாந்து படுக்காதீங்க. அப்படியும் வந்தா, கால் கட்டைவிரலை மட்டும் ஆட்டிப் பாருங்க. பயப்படாம, ‘இது நிஜமில்ல’ன்னு மனசுக்குள்ள சொல்லிக்கோங்க.”

‘மனசுக்குள்ள’ என்ற அந்த ஒரு சொல் மட்டும் வீடு வருவதற்குள் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

மல்லாந்து படுக்காமலிருக்க, இரவு உடுப்பின் முதுகில் ஒரு பந்தை வைத்துத் தைத்துக்கொண்டாள். தூக்கத்தில் புரண்டபோது பந்து முதுகெலும்பில் முட்ட, அவள் போட்ட அலறலில் சமையலறையில் அத்தை கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே போட்டார். அன்று மாலை அவசரத்தில் அதே உடுப்பின் மேலேயே சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். மேற்பார்வையாளர் அவள் முதுகைப் பார்த்துவிட்டு, கனமான மூட்டை எதையும் தூக்க வேண்டாம் என்று பரிவோடு சொன்னார்.

பந்து போயிற்று. கட்டைவிரல் வந்தது.

அடுத்த நாள் மதியம் கண்ணைத் திறந்தால், வாசற்படியில் உருவம். சிட்டு மூச்சைப் பிடித்துக் கட்டைவிரலை ஆட்டினாள். ஆடியது! வாயைத் திறந்தாள். குரலும் வந்தது!

“ஏய்! நீ நிஜமில்ல! போ வெளிய!”

உருவம் போய்விட்டது. டாக்டர் கைராசிக்காரர்தான் என்று நினைத்தபடி சிட்டு திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் அது கையில் எதையோ ஏந்திக்கொண்டு கட்டிலருகே வந்தது.

“நேத்து சொன்னது உறைக்கலையா? உனக்குப் பயந்த காலமெல்லாம் மலையேறிப் போச்சு!” தலையணை பறந்தது.

மூன்றாம் நாள் அது கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டியது.

“தலைய மட்டும் நீட்டினா விட்டுடுவேனா?”

அதன்பிறகு சிட்டு தூங்கிய தூக்கத்துக்குக் குறட்டையே சாட்சி.

அன்று மாலை கணவன் தொங்கிய முகத்தோடு வந்தான்.

“சிட்டு, அம்மா மூட்டை கட்டுது. அக்கா வீட்டுக்கே போயிடப் போகுதாம்.”

“ஐயோ, ஏங்க?”

“மூணு நாளா உன்கிட்ட பேசிடலாம்னு வந்துச்சாம். மொத நாள் ‘போ வெளிய’ன்னியாம். அடுத்த நாள் டீயோட வந்ததுக்குத் தலகாணியால அடிச்சியாம். இன்னிக்கு எட்டிப் பாத்ததுக்கு…”

சிட்டு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “பேய்னு நெனச்சுட்டேங்க!”

“இத நான் போய் அம்மாகிட்ட எப்படிச் சொல்ல?”

“சொல்லித் தொலைச்சிடாதீங்க. நானே மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.”

அவன் சுவரைப் பார்த்துத் தலையாட்டினான். சிட்டு அத்தையின் அறை வாசலில் நின்றாள். வழக்கம்போல் குரல் வரவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது.

காலையில் திரும்பியபோதும் அத்தையின் அறை சாத்தியே இருந்தது. கணவன் வண்டியோட்டப் போயிருந்தான். ‘அத்தை எழுந்து வரட்டும்’ என்று சற்றே சாய்ந்தாள்.

மதியம் கண் திறந்தது. அத்தை வந்துகொண்டிருந்தார்!

இந்தத் தடவை சிட்டு விரட்டவில்லை. சந்தோஷத்தில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாதக்கணக்கில் தொண்டையில் சிக்கிக் கிடந்ததெல்லாம் மடை திறந்ததுபோல் கொட்டியது.

“அத்தை, மன்னிச்சிடுங்க. அன்னிக்கு வாய்த் துடுக்குல சொல்லிட்டேன். நீங்க போயிட்டா இது வீடே இல்ல அத்தை. சாவி போட்டுத் தெறந்தா உள்ள நீங்க இருமுற சத்தம் கேக்கணும். அப்பதான் எனக்குத் தூக்கமே வரும்.”

அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அவள் நெஞ்சில் கை வைத்தார். கொஞ்சம் கனமான கைதான். ஆனால் என்ன ஆறுதல்! பிறகு எழுந்து போனார். பதில் ஏதும் சொல்லவில்லை. அத்தைக்கு எப்போதுமே பேச்சு குறைவு.

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம் கேட்டுச் சிட்டு துள்ளி எழுந்தாள். கீழ்வீட்டுக்காரி ஃபிளாஸ்க்கோடு நின்றிருந்தாள்.

“அக்கா, அத்தையும் நானும் ராசியாயிட்டோம்! மதியம் பக்கத்துலயே உக்காந்து எல்லாத்தையும் கேட்டாங்க!” என்றாள் சிட்டு.

“எந்த அத்தை?” என்றாள் கீழ்வீட்டுக்காரி. “உங்க அத்தை விடியறதுக்கு முன்னாடியே மக வீட்டுக்கு பஸ் ஏறிட்டாங்களே. பேத்திக்குக் காய்ச்சலாம். உன் புருஷன் எல்லாத்தையும் சொல்லிடுச்சு போல. ‘மருமக முழிச்சதும் சூடா டீ குடு, ரெண்டு நாள்ல வந்துடறேன். அதுவரைக்கும் வெரட்டுறதுக்கு வேற யாரையாச்சும் பாத்துக்கச் சொல்லு’ன்னு சிரிச்சுக்கிட்டே போனாங்க.”

சிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். குனிந்து தன் கால் கட்டைவிரலை மெல்ல ஆட்டிப் பார்த்தாள். ஆடியது. அப்படியும் மனம் ஒப்பவில்லை.

“நீங்க நிஜந்தானே அக்கா?” என்று கேட்டு அவள் கையைக் கிள்ளினாள்.

கீழ்வீட்டுக்காரி ஃபிளாஸ்க்கை வாசற்படியில் வைத்துவிட்டு, கிள்ளிய இடத்தைத் தேய்த்தபடி விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள்.