ஒரே ஒரு தடவை கேட்டார்கள்

பனி வந்து பாதையை மூடுவதற்குள் சன்ஸ்கார் பள்ளத்தாக்கில் வேண்டப்பட்ட வீடு ஒன்றுவிடாமல் போய்ச் சாப்பிட்டுவிடுவது என்று நான் சபதம் எடுத்தேன். காரணம் வெண்ணெய். லே நகரத்தில் ஒரு டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி டோல்கரிடம் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு வெண்ணெய் முழுவதும் சாமி விளக்குக்குப் போனது. எனக்கு வாற்கோதுமைக் கஞ்சி வந்தது. விளக்கு நன்றாக எரிந்தது. அதைவிட நன்றாக என் வயிறு எரிந்தது.

அதுவோ கிடாய் வெட்டும் மாதம். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் யாரோ ஒருவர் வீட்டுக் குழம்பு மணத்தது. பொய் சொல்லாமல் வீட்டைவிட்டு இறங்க முடியாது. சொல்வதுதான் சொல்கிறோம், புண்ணியமான பொய்யாகவே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"டோல்கர், ரெண்டு நாள் மடத்துல போய் விரதம் இருக்கலாம்னு பாக்குறேன்."

"நேத்து வரைக்கும் வெண்ணெய் வெண்ணெய்னு புலம்பினீங்க. இன்னைக்கு விரதமா?"

"மனுஷனுக்கு மனசு மாறக் கூடாதா?"

"மாறட்டும், மாறட்டும். அங்கிக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கே, அது என்ன?"

"கரண்டி."

"விரதத்துக்குக் கரண்டி எதுக்கு?"

"தண்ணி குடிக்க."

"கரண்டியாலயா?"

"விரதத்துல கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடிக்கணும். உனக்கு அதெல்லாம் தெரியாது."

அவள் சிரித்தாள். பக்தியில் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

"வழிக்கு ரொட்டி கட்டித் தரட்டுமா?"

"விரதக்காரனுக்கு ரொட்டியா? வேண்டாம் வேண்டாம்."

அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. முதல் தடவை நீட்டினால், "ஐயோ வேண்டாம், இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று கிண்ணத்தைக் கையால் மூடவேண்டும். இரண்டாவது தடவை நீட்டினால் எழுந்து ஓடப் பார்க்கவேண்டும். மூன்றாவது தடவை வீட்டுக்காரர் நம் தோளை அமுக்கி உட்காரவைத்துக் கொட்டுவார். அப்புறம் நம் இஷ்டம். 'பந்திக்கு முந்து' என்பதெல்லாம் இங்கே செல்லாது. முதல் தடவையே வாங்கிக்கொண்டால் வளர்ப்பு சரியில்லை என்பார்கள். இந்தக் கலையில் என்னை மிஞ்ச ஆளில்லை. "வேண்டாம்னு சொல்றதுல மோருப் மாதிரி வராது" என்று பெரியவர்களே என்னை மெச்சியிருக்கிறார்கள்.

வழியில் ஓடை உறைந்து கிடந்தது. யானைக்கே அடி சறுக்கும்; நான் எம்மாத்திரம்? மல்லாக்க விழுந்தேன். பின்மண்டை பனிக்கட்டியில் மோதியது. வானம் ஒருகணம் வெள்ளையாகிக் காணாமல் போயிற்று. பிறகு எழுந்தேன். கொஞ்சமும் வலிக்கவில்லை. அதிர்ஷ்டம் என்று நினைத்து நடந்தேன்.

முதல் வீடு என் சிநேகிதன் அங்சுக்குடையது. அவன் வீட்டு நாய் கட்டெறும்பைக் கண்டாலும் குரைக்கும். அன்று என்னைப் பார்த்தது. எழுந்தது. வாலைக் காலுக்கிடையில் சொருகிக்கொண்டு சத்தமே இல்லாமல் சுவரோரம் போய்ப் படுத்தது.

உள்ளே அடுப்பில் கறியும் டர்னிப்பும் போட்ட மாவுக்குழம்பு கொதித்தது. அங்சுக் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனைவி லாமோ ஒரு கிண்ணம் நிறைய ஊற்றி என் முன்னால் நீட்டினாள்.

"சாப்பிடுங்கண்ணே."

"ஐயோ, வேண்டாம்மா. இப்பத்தான் வயிறு முட்டச் சாப்பிட்டு வர்றேன்."

"சரிண்ணே."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் காத்திருந்தேன். தொண்டையைச் செருமினேன். என் கிண்ணத்தை எடுத்துத் துடைத்தேன். கரண்டியையும் துடைத்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்சுக் முகத்தைச் சட்டைக்கையில் புதைத்துக்கொண்டான். தோள்கள் குலுங்கின.

"ஏன்டா அழுவுற? யாருக்கு என்ன ஆச்சு?"

அவன் எழுந்து வெளியே ஓடினான். லாமோ அடுப்பைப் பார்த்தபடியே, "பாவம்" என்றாள். யார் பாவம் என்று சொல்லவில்லை.

வெளியே வந்தேன். மலைக்குப் பின்னால் சூரியன் போயிருந்தது. ஆற்றின் மேல் வெளுத்த புகை மாதிரி ஏதோ தவழ்ந்தது. எதிரே ஒரு ஜீப் வந்தது. கை காட்டினேன். ஓட்டுநர் எனக்குத் தெரிந்தவர்தான். என்னைத் தாண்டி என் பின்னாலிருந்த பாறையைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார். முதுகில் சில்லென்று ஏதோ ஊர்ந்தது. குளிர்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெரியம்மா மகள் புட்டித் அக்கா வீட்டை அடையும்போது அந்தி. அவள் கறி அடைத்த மோமோ அவித்துக்கொண்டிருந்தாள். ஆவியில் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை.

"ரெண்டு எடுத்துக்கிறியா, மோருப்?"

"வேண்டாங்க்கா. வயிறு சரியில்ல."

"சரி."

"சும்மா சொல்லலக்கா. நிஜமாவே வேண்டாம்."

இப்படி இரண்டாவது மறுப்பையும் நானே முன்வந்து சொன்னேன். மூன்றாவது கேள்விக்கு அவளுக்கு வழி விட்டேன். அவள் கேட்கவில்லை. வீட்டில் இருந்தவர்கள் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கறிச்சாறு அவர்கள் முழங்கை வரை வழிந்தது. எனக்கும் கண்ணில் வழிந்தது.

சாப்பாடு முடிந்ததும் அக்கா தணலில் வறுத்த மாவைத் தூவினாள். அந்தியில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். செத்தவர்களுக்கு வாய் கிடையாது, மூக்கு மட்டும்தான். அந்தப் புகைதான் அவர்களுக்குச் சோறு. ஆனால் அக்கா தணலை வெளியே கொண்டுபோகாமல் நேரே வந்து என் காலடியில் வைத்தாள்.

"வாங்கிக்க. பசியோட சுத்தாம போய்ச் சேரு" என்றாள். என்னைப் பார்க்காமல் காற்றைப் பார்த்துச் சொன்னாள்.

"அக்கா, யாருக்கு இது?"

பதில் இல்லை. மாவு கருகும் வாசனை மூக்கில் ஏறியது. சத்தியமாகச் சொல்கிறேன், பசி கொஞ்சம் அடங்கியது. அதுதான் என்னை நடுங்கவைத்தது.

எங்கள் ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. செத்தவனுக்குத் தான் செத்தது உடனே தெரியாது. வழக்கம்போல நடப்பான். தெரிந்த வீடுகளுக்குப் போவான். பேசுவான், யாரும் பதில் பேசமாட்டார்கள். நிழல் விழாது. தரையில் கால்தடம் பதியாது. இன்னொன்றும் உண்டு. உயிரோடு இருப்பவனுக்குத்தான் மூன்று தடவை உபசாரம். செத்தவனுக்குப் படைக்கும்போது ஒரே ஒரு தடவைதான் கேட்போம். செத்தவனை யார் போய் வற்புறுத்துவார்கள்?

"தங்கிட்டுப் போறியா?" என்று அக்கா வாசலில் கேட்டாள். ஒரே ஒரு தடவை. பாழாய்ப்போன என் நாக்கு, "வேண்டாங்க்கா, வேலை இருக்கு" என்றது. ஊர் எல்லையில் பிரார்த்தனை உருளை இருக்கும் சின்ன அறைக்குப் போய்ச் சுருண்டு படுத்தேன். காற்றில் உருளை தானாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

விடிந்ததும் முதல் வேலையாக நிழலைத் தேடினேன். வானம் முழுக்க மேகம். நிழல் இல்லை. திரும்பிப் பார்த்தேன். தரை இரும்பாக இறுகியிருந்தது. கால்தடம் இல்லை. ஓடையில் விழுந்தது நினைவுக்கு வந்தது. வலிக்கவே இல்லையே! அந்த ஓடையில் இன்னும் யார் கிடக்கிறார்கள்? போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. டோல்கரிடம் கடைசியாகச் சொன்னது ஒரு பொய் என்ற நினைப்பு வந்தது. அழுதேன். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்தது.

மிஞ்சியது ஒரே நம்பிக்கை, தாய்மாமன் நம்கியால். மாமா ஒருவரையும் வெறும் வயிற்றோடு அனுப்பாதவர். இந்தத் தடவை முதல் கேள்விக்கே "சரி" சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். சரி மாமா. சரி மாமா. சரி மாமா.

மாமா மாவைக் குன்றுபோலப் பிடித்து, நடுவில் குழி பறித்து, உருக்கிய வெண்ணெயைக் குளமாக நிரப்பி என் முன் வைத்தார். மஞ்சளாகத் தளும்பியது. அதில் என் முகம் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தேன். ஆவி மறைத்தது.

"சாப்பிடுறியா?"

பெரியவர். அம்மாவின் அண்ணன். அம்மா வளர்த்த வளர்ப்பு என் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"வேண்டாம் மாமா" என்றது என் வாய்.

மாமா தலையாட்டினார். தட்டை எடுத்தார். வெண்ணெயை அப்படியே ஒரு பித்தளை விளக்கில் ஊற்றித் திரியை ஏற்றினார்.

"மாமா... இது யாருக்கு விளக்கு?"

அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "நல்ல பையன். வெண்ணெய்ன்னா அவனுக்கு உயிர்."

ஓடினேன். ஓடையையும் தாண்டி ஓடினேன்; கீழே பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு தாண்டினேன். வீட்டுக் கதவைத் தள்ளியபோது டோல்கர் அடுப்பின் முன் உட்கார்ந்து கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"டோல்கர்!"

திரும்பவில்லை.

"டோல்கர், நான்தான்!"

கரண்டி சுற்றிக்கொண்டே இருந்தது. இருபது வருஷம் இவளோடு வாழ்ந்தேன்; ஒரு வார்த்தை சொல்லி ஒழுங்காக விடைபெறவில்லையே.

"டோல்கர்... உனக்கு என் குரல் கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. மூணு தடவை கூப்பிட்டாத்தானே உங்க ஊர்ல மரியாதை? கஞ்சி குடிக்..."

"குடிக்கிறேன்!"

மூன்று கிண்ணம் குடித்தேன். உப்பில்லாத, வெண்ணெயில்லாத அந்தக் கஞ்சிபோல ருசியான பண்டத்தை என் ஆயுளில் சாப்பிட்டதில்லை. சுடச்சுட நாக்கு வெந்தது. வலித்தது. வலித்ததில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

"விரதம் நல்லா நடந்துச்சா?" என்றாள்.

"நான் செத்துட்டேன்னு நினைச்சேன், டோல்கர்."

"பொய் சொல்லிட்டுப் போனா அப்படித்தான் இருக்கும். எங்க மகளிர் சங்கத்துல எல்லா வீட்டுக்கும் போன் போட்டேன். 'விரதத்துல இருக்காரு. ஆனாலும் சாப்பாடு இல்லைன்னு சொல்லாதீங்க. கேளுங்க. ஒரே ஒரு தடவை கேளுங்க'ன்னு சொன்னேன். அவ்வளவுதான். தணல், விளக்கெல்லாம் அவங்களா சேத்துக்கிட்டது."

"அங்சுக் அழுதானே?"

"சிரிச்சிருப்பாரு."

"நாய்?"

"அதுக்குப் பல் வலியாம். லாமோ சொன்னா."

"பட்டினி போட்டுட்டியேடி!"

"நானா? ஒரு தடவை 'சரி'ன்னு நீங்க சொல்லியிருந்தா கொட்டியிருப்பாங்க. யாரு வேண்டாம்னது?"

என் வாயால் நானே கெட்டேன்.

மறுநாள் காலை வாசலில் ஜீப் வந்து நின்றது. என்னைக் கண்டுகொள்ளாமல் போன அதே ஓட்டுநர். உள்ளே முழுக்க மகளிர் சங்கம். டோல்கர் நல்ல அங்கியும் பவளமாலையும் போட்டுக்கொண்டு, தன் கிண்ணத்தை மடியில் செருகியபடி வீட்டுப் படி இறங்கி வந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"உங்களுக்காகச் சமைச்சதெல்லாம் எல்லா வீட்லயும் மிஞ்சிக் கிடக்காம். வீணாப் போகலாமா? ஒவ்வொரு வீடாப் போய் முடிச்சுட்டு வர்றோம். புட்டித் அண்ணி புதுசா வேற மோமோ பிடிக்கிறாங்களாம்."

வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்தாள். தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தாள். கண்ணில் நிஜமான கனிவு இருந்தது.

"டாக்டருக்குத் தெரியாம ஒரு நாள்தானே. நீங்களும் வர்றீங்களா?"

"ஐயோ, எனக்கெதுக்கு? வேண்டாம் வேண்டாம், நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது தடவை கேட்பாள் என்று அங்கிக்குள் கரண்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஜீப் வளைவில் திரும்பி மறைந்தது.