சாக்சபோன், பியானோ, ஒரு முன்பல்

பேரன்புக்குரிய ஒதீல் அத்தைக்கு,

பிரஸ்ஸல்ஸிலிருந்து உங்கள் அண்ணன் மகன் பஸ்தியன் பணிவுடன் எழுதுவது. இங்கே நான் நலம், ஒரு பல் நீங்கலாக. தினானில் நீங்களும் ஜெரார் மாமாவின் முழங்காலும் நலமாக இருக்க வேண்டும்.

சாக்சபோன் தேர்வுக்கு முதல் நாள் நீங்கள் அனுப்பிய கூக் வந்து சேர்ந்தது. மீன் வடிவம். செதில்கள்கூடத் தெளிவாக இருந்தன. மாவும் தேனும் தவிர வேறெதுவும் சேராத அந்தப் பண்டத்தை நம் ஊரில் யாரும் கடிப்பதில்லை. உடைத்து, கன்னத்தில் ஒதுக்கி, ஊறவிடுவோம். அல்லது காப்பியில் முக்குவோம். கடிப்பவர்கள் சுற்றுலா வந்தவர்கள். அவர்களைப் பார்த்து நாம் சிரிப்போம். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் தேர்வில் எனக்குப் பக்கவாத்தியமாகப் பியானோ வாசிக்கும் இசலீன் வேற்றூர், லியேஜ்காரி. மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சுவரில் மாட்ட ஆணி இருக்கிறதா என்று கேட்டாள். தின்பண்டம் என்றேன்.

"கூரையில ஓடு உடைஞ்சா மாத்தறதுக்கு அனுப்பியிருப்பாங்க. நீதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்ட."

ஊர் மானம் என்று ஒன்று இருக்கிறதே அத்தை. வாலில் கடித்தேன்.

வால் அப்படியே இருந்தது.

மேல்வரிசை முன்பல்லில் பாதியைக் காணோம். சாக்சபோனின் ஊதுவாய்மேல் அந்தப் பல்தான் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் காற்று தன் இஷ்டத்துக்குப் போகும். ஆசிரியை மதாம் கொலினேயிடம் ஓடினேன். போன ஆண்டு தவறியவனுக்கு இது கடைசி வாய்ப்பு, வேறு தேதி கிடையாது, தேறாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அப்பாவின் டயர் கடைக்குப் போக வேண்டியதுதான் என்றார். நல்லவர். என் பல்லைப் பார்க்காமல் சொன்னார்.

எனக்கு விதித்திருந்தது வர்சே இயற்றிய சொனாட்டா. வர்சே இன்னும் உயிரோடு இருக்கிறார். அதுதான் தொல்லை. நடுவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

முதல் பகுதி வேகமானது. பல்லின் சீழ்க்கையை ஓட்டத்தில் மறைத்துவிட்டேன். இரண்டாம் பகுதியில் மறைக்க ஒன்றுமில்லை. ஒரே சுரம், மிக மெல்லியது. மூடி திறந்த பியானோவின் வயிற்றுக்குள் அதை ஊத வேண்டும், இசலீன் மிதியை அழுத்தியிருப்பாள், தந்திகள் தாமாக முனகும். ஊதினேன். இரண்டு சுரம் வந்தது, ஒன்று நான் கேட்டது, மற்றொன்று உங்கள் வீட்டுக் கெட்டில் கொதிப்பது, தந்திகள் இரண்டையும் வாங்கித் திருப்பித் தந்தன, இசலீன் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்தாள், தூரத்திலிருந்து அது பக்தி மாதிரி இருந்திருக்கும், அவள் தோள் குலுங்க நானும் குலுங்கினேன், சுரமும் குலுங்கியது, மூச்சுத் தீர்ந்து பாதியில் நிறுத்திவிட்டேன், அந்த அமைதியில் எனக்கு ரப்பர் வாடை அடித்தது.

வர்சே எழுந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தச் சத்தத்தைத்தான் தம்பி மூணு வருஷமாத் தேடினேன். எப்படி எழுதறதுன்னு தெரியாம விட்டுட்டேன். இதை எங்க புடிச்ச?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். இசலீன் முந்திக்கொண்டாள்.

"ராப்பகலா சாதகம் சார்."

முதல் வகுப்பில் தேறினேன்.

வர்சே அந்தச் சத்தத்துக்கென்று ஒரு புதுக் குறியே வரைந்து அச்சுக்கு அனுப்பிவிட்டார். வகுப்பில் மற்றவர்கள் அதை வாசிக்கப் போய் உதட்டைக் கிழித்துக்கொள்கிறார்கள். என்னிடம் வந்து வழி கேட்கிறார்கள். வயிற்றிலிருந்து வர வேண்டும் என்கிறேன். இத்தனை காலம் முழுப் பல்லோடு ஊதினேன், யாரும் கண்ணாடியைக் கழற்றவில்லை. அப்படியென்றால் தேறியது நானா, மீனா? இதை யோசித்தால் சோறு இறங்குவதில்லை. பல்லாலும் இறங்குவதில்லை.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை பல் மருத்துவர். பல்லைக் கட்டிக்கொண்டு, அதே சொனாட்டாவை வர்சேயிடம் வாசித்துக் காட்டுவேன். அவர் முகத்தில் எது தெரிகிறதோ அதுதான் என் மதிப்பெண். உங்களிடம் கேட்பது ஒன்றே. இனி இந்த முகவரிக்குக் கூக் அனுப்ப வேண்டாம். எனக்கு மட்டுமில்லை, காற்றை ஊதிப் பிழைக்கிற எவருக்கும் வேண்டாம். பாசம் தாங்கவில்லையென்றால் ஜாம் அனுப்புங்கள்.

மாமாவின் முழங்காலுக்கு என் வணக்கம். குடும்பத்தில் அனைவருக்கும் அவரவர் பற்கள் கடைசிவரை துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
அன்பு மருமகன்
பஸ்தியன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வர்சே வந்துவிட்டார். இசலீன் மாடிப்படியிலேயே அவரிடம் எல்லாவற்றையும் உளறிவிட்டாளாம். திட்டுவார் என்று நின்றேன். என் முகவாயைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பி, பல்லை நெடுநேரம் பார்த்தார். அக்டோபரில் ஆண்ட்வெர்ப்பில் கச்சேரி, அதுவரை மருத்துவர் பக்கமே போகாதே என்றார். நான் எவ்வளவு வேகமாகத் தலையாட்டினேன் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. திங்கட்கிழமை ரத்து. அதே மீன் அச்சில் அரை டஜன் உடனே அனுப்புங்கள், வகுப்பு காத்திருக்கிறது. கடைக்காரரிடம் இன்னொன்றும் விசாரிக்கச் சொன்னார்: கீழ்ப்பல்லுக்கு ஏதாவது அச்சு வைத்திருக்கிறாரா? இரண்டாவது சொனாட்டாவைத் தொடங்கிவிட்டாராம்.