தயாராகிக்கொண்டே இருப்பவர்

பயணம் போகிறவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. பயணமே வேண்டாம், வீட்டுச் சாப்பாடும் நம்ம கட்டிலும் போதும் என்று கிடப்பவர்கள் இன்னொரு கூட்டம். இந்த இரு சாராராலும் யாருக்கும் தொந்தரவு கிடையாது. இன்று நான் உங்களுக்கு அறிமுகம் செய்யப்போவது மூன்றாவது இனம். பயணத்துக்குத் தயாராகிறவர்கள்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும். சட்டைப்பையில் டயர் காற்று பார்க்கும் மீட்டர் இருக்கும். பிடரியில் துணி தொங்கும் பாலைவனத் தொப்பியும், மலையேறுகிற பூட்ஸும், இடுப்பில் ரம்பம் முதல் பல்குச்சி வரை பதினெட்டு ஆயுதங்கள் மடங்கிக் கிடக்கும் கத்தியுமாக ஒருவர் எங்கள் ப்ளூம்ஃபொன்டேன் கடைத்தெருவில் நடந்து வந்தால், ஆகா, மனுஷன் கலஹாரியைத் தாண்டி வருகிறார் போலிருக்கிறது என்று வியந்துவிடாதீர்கள். ரொட்டி வாங்க வந்திருக்கிறார். எங்கே கிளம்பிட்டீங்க என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் சொல்வார். நின்று கேட்டு முடிப்பதற்குள் கடையை மூடிவிடுவார்கள்.

டீனஸ் ஸ்லாபர்ட்டை எடுத்துக்கொள்வோம். ரயில்வேயில் முப்பத்தோரு வருடம் சிக்னல் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனுஷர். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு பண்ணைக் கொட்டகையில், கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்த பழைய ஜீப் ஒன்றை வாங்கிவந்தார். கோழிகளை மட்டும் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து கராஜ்தான் அவருக்கு வீடு. வீடு என்பது அவர் சாப்பிட வந்துபோகும் இடம். தரையைப் பிரித்து, கூரையைப் பிரித்து, எஞ்சினை இறக்கி, துருவைச் சுரண்டி, பச்சைப் பெயின்ட் அடித்து, இது அந்தக் காலத்துப் பச்சை இல்லையே என்று சந்தேகம் வந்து மறுபடி சுரண்டி, மறுபடி அடித்து, கடைசியில் அந்த வண்டியில் பழைய வண்டி என்று மிச்சமிருந்தது ஹாரன் மட்டும்தான்.

"ஒரு ஹாரனுக்கு இத்தனை பெரிய பெட்டி செஞ்சிருக்கியே," என்றாள் மனைவி எல்சபே. டீனஸ் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

வண்டி ஓடுமா? பேஷாக ஓடும். சனிக்கிழமை தோறும் தெருவை இரண்டு சுற்று சுற்றிவந்து, திரும்ப கராஜுக்குள் நுழைந்து, எதையோ கழற்றுவதற்காகப் படுத்துக்கொள்ளும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அப்பிங்டனிலிருந்து மகள் லீசல் போன் செய்தாள். தலைப்பிரசவம். அக்டோபர் இருபது வாக்கில் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "நீங்களும் அம்மாவும் முன்னாடியே வந்துடுங்க அப்பா. குழந்தையை முதல்ல நீங்கதான் கையில வாங்கணும்." டீனஸ் அன்று முழுவதும் தெருவில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். இரவுச் சாப்பாட்டில் எல்சபேயிடம் சொன்னார், "ஜீப்லதான் போறோம். அதுக்காகத்தானே அதைக் கட்டினேன்."

ப்ளூம்ஃபொன்டேனிலிருந்து அப்பிங்டன் ஐந்நூற்றெழுபது கிலோமீட்டர். முழுக்கத் தார் ரோடு. வழியில் கிம்பர்லியில் நல்ல காப்பி கிடைக்கும். போய் இறங்கினால் மகள் வீட்டில் விருந்தாளிக்கென்று தனி அறை, அதில் கட்டில், கட்டிலில் மெத்தை. இதெல்லாம் டீனஸுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் கூடாரத்தைச் சோதிக்க ஆரம்பித்தார்.

இந்த இனத்துக்கு ஒரே ஒரு வேதம்தான் உண்டு: சோதிக்காத பொருளோடு வாசல் தாண்டக் கூடாது. கூடாரத்தைப் புல்வெளியில் அடித்து, உள்ளே டார்ச் லைட்டோடு அவர் உட்கார்ந்துகொள்ள, எல்சபே தோட்டத்துக் குழாயைப் பிடித்து இரண்டு மணி நேரம் அதன்மேல் மழை பொழிந்தாள். ஒரு தையலில் கசிந்தது. மெழுகு தேய்த்து, காயவைத்து, மறுபடி மழை. அப்பிங்டனில் மழை பெய்தால் ஜனங்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள், அத்தனை அபூர்வம். அதனால் என்ன? பிறகு வண்டியை இழுக்கும் வின்ச். அதன் கம்பியைப் பின்கட்டு எலுமிச்சை மரத்தில் கட்டி இழுத்துப் பார்த்தார். வின்ச் தேறியது. மரம் வேரோடு வந்துவிட்டது. பிறகு உறைகுளிருக்கான தூக்கப் பை. அக்டோபரில் குளிருக்கு எங்கே போவது? இறைச்சிக்கடை ஃபூரியின் குளிர்பதன அறையில், தொங்கும் ஆட்டுத்தொடைகளுக்குக் கீழே ஒரு மத்தியானம் முழுக்கப் பைக்குள் படுத்திருந்தார். கடைப் பையன்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கதவிடுக்கில் எட்டிப் பார்த்த ஒரு வாடிக்கைக்காரி அன்றோடு கடையை மாற்றிக்கொண்டாள்.

இதற்கிடையே நாள் ஓடுமா, நிற்குமா? பதினேழாம் தேதி சனிக்கிழமை வந்துவிட்டது.

காலை ஏழு மணிக்கு வண்டி வாசலில் நின்றது. எல்சபே வழிச்சாப்பாடு கட்டியாயிற்று: அவித்த முட்டை, இறைச்சி உருண்டை, வெண்ணெய் தடவிய ரொட்டி, ஃபிளாஸ்க் நிறையக் காப்பி. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, சீட் பெல்ட்டையும் மாட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்துவிட்டாள். வழியனுப்ப இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் ஃபூரி. இன்னொருவர் பக்கத்து வீட்டு மொலேஃபி. எல்லை தாண்டி மசேரு நகரத்துக்கு மினிபஸ் ஓட்டுகிறவர், தினம் போய் தினம் வருகிறவர், கம்பி வைத்துக் கட்டிய சைலன்சரோடு நாலு லட்சம் கிலோமீட்டர் பார்த்தவர்.

ஜீப்பின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஃபூரி தலையைச் சாய்த்தார்.

"கிளட்சை அமுக்கு டீனஸ். விடு. மறுபடி அமுக்கு. கேக்குதா?"

"என்னடா?"

"சின்னதா ஒரு முனகல்."

"வண்டின்னா சத்தம் போடத்தான் செய்யும்," என்றார் மொலேஃபி. "சத்தம் போடலைன்னாதான் இறங்கிப் பார்க்கணும். நீ கிளம்புப்பா."

மொலேஃபியின் பேச்சு எடுபடவில்லை. வண்டியை ஓட்டுகிறவனுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்பது இந்த இனத்தாரின் அபிப்பிராயம். டீனஸ் நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து, நுனியை கியர்பாக்ஸில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். முனகல் கேட்டது. உங்களிடம் உள்ளதைச் சொல்கிறேன், அதைக் கேட்டதும் அவருக்கு நெஞ்சுபாரம் இறங்கியது. காலையிலிருந்தே மனசுக்குள் இரண்டு கேள்விகள் சுற்றிக்கொண்டிருந்தன. பதினோரு வருட உழைப்பு ஏதாவது ஒரு மைல்கல் பக்கத்தில் புகைவிட்டு நின்றுவிட்டால்? பிரசவ வீட்டில் ஏதாவது ஆகி, தன் கைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் போய்விட்டால்? முனகல் என்றால் பரவாயில்லை. முனகலை என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள் எல்சபே, ஜன்னல் வழியாக.

"ஒரு மணி நேரம். கியர்பாக்ஸை இறக்கி ஒரு பார்வை பார்த்துட்டு ஏத்திடலாம்."

"போன தடவை நீ கியர்பாக்ஸை இறக்கினப்போ லீசல் பத்தாவது படிச்சிட்டிருந்தா. ஏத்தினப்போ அவளுக்குக் கல்யாணம்."

பகல் பதினொன்றரைக்கு கியர்பாக்ஸ் புல்வெளியில், பழைய பெட்ஷீட் மேல் கிடந்தது. எல்சபே பெல்ட்டைக் கழற்றினாள். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, கடைக்கும் சர்ச்சுக்கும் போய்வரும் தன்னுடைய சின்னக் காருக்குப் போய் அதைப் பின்சீட்டில் வைத்தாள்.

டீனஸ் பதறிக்கொண்டு ஓடினார். "அய்யோ, அதுலயா போற? அந்த வண்டியை யாரும் சோதிச்சே பார்க்கலையே!"

"பதினாலு வருஷமா தினம் ஓட்டுறேன்."

"அது ஊருக்குள்ள!"

"ஊருக்கு வெளியேயும் அதே தார்தான் போட்டிருக்கான். நீயும் வா டீனஸ். பக்கத்து சீட்டு காலியாத்தான் இருக்கு."

டீனஸ் அந்தச் சீட்டைப் பார்த்தார். திரும்பிப் பெட்ஷீட்டைப் பார்த்தார். "நீ முன்னால போ. நாளைக்குக் காலைல நான் பின்னாலயே வந்துடறேன். இழுவைக் கயிறாவது எடுத்துட்டுப் போ, தீயணைக்கற சிலிண்டராவது எடுத்துட்டுப் போ!" அவள் கிளம்பிப் போய்விட்டாள். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து சேர்ந்ததாகவும், இறைச்சி உருண்டையில் பாதியை ருவான் தின்றுவிட்டதாகவும் சேதி வந்தது. ருவான் மருமகன்.

திங்கட்கிழமை காலை மறுபடி போன்.

"பொண்ணு," என்றாள் எல்சபே. "மூணு கிலோ நூத்திருபது. ரெண்டு பேரும் சௌக்கியம்."

டீனஸ் ஜீப்பின் மேல் சாய்ந்துகொண்டு வாய்விட்டு அழுதார். கண்ணைத் துடைத்தது கிரீஸ் துணி என்பதால் முகமெல்லாம் கறுப்பாயிற்று. கொஞ்சம் தெளிந்ததும் கேட்டார், "வழியில உன் வண்டி சூடாச்சா?"

"ஆகலை."

"யார் முதல்ல தூக்கினாங்க?"

"ருவான்தான். யாராவது தூக்கணுமில்ல?"

முனகல் கியர்பாக்ஸில் இல்லை, பின்னால் கொக்கியில் தொங்கிய வாணலி கம்பியில் உரசியிருக்கிறது என்பது நாலாம் நாள் தெரிந்தது. அதனால் உடனே ஏற்றிவிட்டாரா? திறந்தது திறந்தாயிற்று, உள்ளே இருக்கும் பேரிங் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று தீர்மானித்தார். வண்டி மறுபடி தெருச் சுற்றியபோது பேத்தி மீக்காவுக்கு நாலு மாதம். ஆறு கிலோ.

எடை எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தெருவுக்கே தெரியும். பேத்தி என்று ஒன்று வந்தபின், அவளை இந்த ஜீப்பில் ஏற்றாமலா இருக்கப்போகிறோம் என்று டீனஸ் ஒரு குழந்தை சீட் வாங்கினார். வாங்கினால் சோதிக்க வேண்டாமா? தலையணை உறையில் ஆறு கிலோ மக்காச்சோள மாவைப் போட்டுக் கட்டி, சீட்டில் உட்காரவைத்து, வாரை மாட்டி, வேகத்தடைகள் மேல் ஓட்டிப் பார்த்தார். மற்றத் தாத்தாமார்கள் போன் செய்தால் பல் முளைத்ததா, சிரித்ததா என்று விசாரிப்பார்கள். இவர் எடை கேட்பார். லீசல் சொல்வாள். இவர் போனை வைத்துவிட்டு ஒரு கரண்டி மாவைக் கூடப் போடுவார்.

"பேத்தி எப்படி இருக்கா டீனஸ்?" என்று மொலேஃபி வேலிக்கு மேலாகக் கேட்பார்.

"நல்லா இருக்கா. வேகத்தடையில மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் சாயறா."

எல்சபே சின்னக் காரில் நாலு தடவை அப்பிங்டன் போய்வந்தாள். ஒவ்வொரு தடவையும் பக்கத்து சீட்டைக் காட்டினாள். ஒவ்வொரு தடவையும் டீனஸ் ஒரு நல்ல காரணம் வைத்திருந்தார். மாவு ஒன்பது கிலோவைத் தொட்டபோது, அந்தச் சீட் அதற்குமேல் தாங்காது என்று அதன் முதுகில் எழுதியிருந்தது. பெரிய சீட் வாங்கி, சோதனையை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

டிசம்பரில் லீசல் பொறுமை இழந்து, குடும்பத்தோடு தானே வந்துவிட்டாள். ஆறு மணி நேரப் பயணம். ருவானின் காரிலிருந்து ரஸ்க் தூள் அப்பிய வாயோடு பதினாலு மாதக் குழந்தை இறங்கியது. டீனஸ் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து, அவளை இரண்டு கையாலும் தூக்கினார்.

"பத்து கிலோ நூறு," என்றார் மெதுவாக.

கடுகளவும் பிசகவில்லை. ஆனால் அவளுக்குத் தன்னுடைய மூக்கு என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. வலது கன்னத்தில் குழி விழும் என்பதும் தெரிந்தது. அடேயப்பா, எவ்வளவு சூடாக இருக்கிறது குழந்தை! மீக்கா அவருடைய தாடி முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு வீல் என்று அலறிக்கொண்டு எல்சபேயிடம் தாவினாள்.

"என்னை அடையாளம் தெரியலை அவளுக்கு," என்றார் டீனஸ்.

"எப்படித் தெரியும்?" என்றாள் எல்சபே. அவள் குரலில் கோபம்கூட இல்லை.

ஐந்தாம் நாள் அவர்கள் திரும்பினார்கள். "கார்ல இடம் இருக்கு பா, எங்களோட வாங்களேன்," என்றான் ருவான். அதற்குள் மீக்கா தாத்தாவின் தொப்பியை இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் அளவுக்குப் பழகியிருந்தாள். டீனஸ் குனிந்து ருவானின் காரைச் சுற்றிவந்து, நாலு டயரையும் அமுக்கிப் பார்த்து, பின் டயரில் காற்று கம்மி என்று சொல்லி, பம்பு கொண்டுவந்து அடித்து, கண்ணாடியைத் துடைத்து, குழந்தையின் வாரை மூன்று தடவை இழுத்துப் பார்த்து, கதவைச் சாத்தினார். கார் தெருமுனை திரும்பும்வரை நின்றார். திரும்பிய பிறகும் நின்றார்.

சிரித்தீர்களா? சிரியுங்கள், நல்லதுதான். உங்களிடம் ஜீப் கிடையாது. எலுமிச்சை மரத்தைப் பிடுங்கியதும் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதைப் படித்துவரும்போது நடுவில் எங்கேயோ, நீங்கள் போய்ப் பார்க்க வேண்டிய ஒருவர் முகம் வந்துபோனதே, அவரைப் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது? பையனுக்குப் பரீட்சை முடியட்டும், ஆபீஸில் இந்த வேலை ஒன்று ஓயட்டும், வெயில் கொஞ்சம் தணியட்டும், அப்படித்தானே? எல்லாம் நல்ல காரணங்கள்தான். கையில் ஸ்பானர் இல்லாததால் உங்களை யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான்.